யானை தின்ற புல்

திருவிழாவுக்குப் போகும் யானைக்கு நாளொன்றுக்கு எத்தனை கட்டுப் புல் வேண்டும் என்று ராஜா கேட்டார்.

“பதினைந்து” என்றார் லாய அதிகாரி விருபாட்சர்.

புல் சுமக்கும் மூக்காயி, “பதினொன்று போதும், மகாராஜா” என்றாள்.

“யானையும் குதிரையும் ஒரே கொட்டடியில் தின்கின்றன. யானை தின்றதை எப்படியடி பிரித்தாய்? சொல்லாவிட்டால் வேலை இல்லை” என்று அதட்டினார் அதிகாரி.

“நேற்று இரண்டு யானையும் மூன்று குதிரையும் முப்பத்தொரு கட்டுத் தின்றன. இன்று இரண்டு குதிரை வெளியூர் போனதால் இருபத்தைந்துதான். யானைகள் அதே யானைகள். குறைந்த ஆறு கட்டும் போன குதிரைகளுடையவை. ஆக, குதிரைக்கு மூன்று. இன்று நின்ற ஒரு குதிரையின் மூன்றைக் கழித்தால் இருபத்திரண்டு. யானைக்குப் பதினொன்று.”

“இனி லாயத்துப் புல் இவள் பொறுப்பு” என்றார் ராஜா.

மறுநாள் விருபாட்சரே வந்து, “திருவிழா யானைக்கு நான்கு நாளுக்கு எத்தனை கட்டு ஏற்றட்டும், அம்மா?” என்று கேட்டார்.

மூக்காயி நிமிர்ந்து நின்று, “நாற்பத்து நான்கு” என்றாள்.