தனிச்சட்டிக் குழம்பு

மேலப்புன்னை மடத்தில் ஆவுடையப்பனுக்குக் கடிதம் எழுதுகிற வேலை. வருகிற கடிதங்களைப் படித்துச் சொல்ல வேண்டும், போகிற கடிதங்களை எழுத வேண்டும். பதினோரு வருஷமாக அதே அறை, அதே மேசை, அதே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே மாட்டுக்கொட்டகை.

அவருக்கு வயது நாற்பத்தாறு. மடத்தின் தலைவர் நிறைமதி அடிகளுக்கு முப்பத்திரண்டு. பதினான்கு வயது இளையவர் முன்னால் கைகட்டி நின்று கேள்வி கேட்பது முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. கேட்காமல் இருக்கவே முடியாத ஒரு கேள்வி வந்ததும் கூச்சம் போய்விட்டது.

மடத்து நிலபுலன், ஆட்கள், விருந்தாளிகள், வெளியூர்க் காரியங்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறவருக்கு அங்கே காறுபாறு என்று பெயர். அடிகளுக்கு அடுத்த இடம். அப்போது காறுபாறாக இருந்தவர், அடுத்த பங்குனியோடு விலகி மகள் வீட்டோடு போய் இருக்கப்போவதாகச் சொல்லிவிட்டார். அன்றைக்கே ஆவுடையப்பன் அடிகள் முன்னால் போய் நின்றார்.

அடிகள் கிழிந்த குடை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"சந்நிதானத்துகிட்டே ஒண்ணு கேக்கணும்."

"கேளும்."

"ஒருத்தன் இருக்கிற இடத்திலேருந்து மேலே வரணும்னா என்ன செய்யணும்?"

அடிகள் ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னார்: "கூட வேலை பாக்கிறவங்களோட நல்லபடியா இருக்கணும்."

"அவ்வளவுதானா?"

"அதுவே பெரிய வேலை."

ஆவுடையப்பன் விழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே ஓடினார். நல்லபடியாக இருப்பது என்றால் என்ன என்று அவர் கேட்கவில்லை. அது தெரியாதா தனக்கு என்று நினைத்தார்.

முதலில் சமையல்கட்டு.

சமையல்காரர் கோமதிநாயகம் நல்ல மனுஷர்தான். ஆனால் பாகற்காயைப் பிழியமாட்டார். உப்புப் போட்டுப் பிழிந்தால் சத்தெல்லாம் போய்விடும் என்பது அவர் கட்சி. செவ்வாய்க்கிழமைதோறும் மடத்தில் பாகற்காய்க் குழம்பு. அன்று பந்தியில் எல்லாரும் நேராக மோருக்குப் போய்விடுவார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஆவுடையப்பன் இலையைக் காட்டி, "இன்னும் கொஞ்சம் குழம்பு விடும்" என்றார்.

கோமதிநாயகத்தின் கரண்டி அந்தரத்தில் நின்றது. "நெசமாவா அண்ணாச்சி?"

"இதுக்காகவே செவ்வாய்க்கிழமை எப்போ வரும்னு இருக்கு."

கோமதிநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. பதினெட்டு வருஷத்தில் அந்தக் குழம்பை ஒருத்தரும் இரண்டாம் முறை கேட்டதில்லை. வியாழக்கிழமையும் பாகற்காய்க் குழம்பு வந்தது. சனிக்கிழமையும் வந்தது.

அடுத்தது ஓதுவார் சங்கரபாண்டியன். காலைப் பூஜையில் பாடுகிறவர். அறுபது வயதுக்கு மேல் அவர் குரல் மேலே ஏறும்போது கதவு கிறீச்சிடுகிற மாதிரி இருக்கும். பூஜை முடிந்ததும் ஆவுடையப்பன் அவரைத் தனியே பிடித்து, "ஒரு பதிகத்தோட நிறுத்திட்டீகளே. மனசு ஏங்கிப்போச்சு" என்றார். மறுநாள் ஓதுவார் மூன்று பதிகம் பாடினார். இட்லி ஆறிப்போயிற்று.

மாட்டுக்கொட்டகை பேச்சிமுத்துவிடம் ஒரே ஒரு கதைதான் இருந்தது. கடையத்துச் சந்தையில் செவலைப் பசுவை ஏமாறாமல் வாங்கி வந்த கதை. மடத்தில் எல்லாருக்கும் அது மனப்பாடம். பேச்சிமுத்து வாயைத் திறந்தாலே அவரவருக்கு அவசர வேலை வந்துவிடும். ஆவுடையப்பன் மட்டும் வைக்கோல்மேல் உட்கார்ந்து, "அப்புறம்?" என்றார். பேச்சிமுத்துவிடம் அப்படி ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்டதும் கதை வளர ஆரம்பித்தது. செவலையின் தாயைப் பற்றி ஒரு கதை வந்தது. அந்தத் தாயை வளர்த்த ஆள் கல்யாணம் பண்ணின கதை வந்தது.

ஒரு மாதத்துக்குள் மூன்று பேரும் ஆவுடையப்பனைத் தூரத்தில் கண்டாலே முகம் மலர்ந்தார்கள். 'இன்னும் என்ன வேணும்?' என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

விருந்தினர் விடுதியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் செண்பகவல்லி. புருஷன் போன பிறகு மடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். குரல் பெரிது. காரியமும் பெரிதாகத்தான் செய்வார். ஒரு சனிக்கிழமை அவர் குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நேராகச் சமையல்கட்டுக்குள் போனார்.

"அண்ணாச்சி, இதை விருந்தாளி யாரும் தொடலை. கசப்பு தாங்கலை. பாகற்காயை உப்புப் போட்டுப் பிழிஞ்சா என்ன?"

"நீ எனக்குச் சமையல் சொல்லித் தாறியா?"

"சொல்லித் தரலை. கசக்குன்னு சொல்லுதேன்."

"ஆவுடையப்பன் அண்ணாச்சி ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிடுதாரு!"

"அப்போ அவருக்கு மட்டும் தனியா வையுங்க."

கோமதிநாயகம் மூன்று நாள் செண்பகவல்லியோடு பேசவில்லை. நாலாம் நாள் பாகற்காயைப் பிழிந்தார். குழம்பு கொதித்ததும் ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு விடுதிக்குப் போய், "சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றார். செண்பகவல்லி ருசி பார்த்து, "இப்போ சரி. உப்பு ஒரு கல்லு தூக்கல்" என்றார். கோமதிநாயகம் முணுமுணுத்துக்கொண்டே திரும்பினார்.

ஓதுவாரிடமும் செண்பகவல்லி போனார். "ஐயா, விருந்தாளிக பசியோட நிக்காக. காலையிலே ஒரு பதிகம் போதும்." ஓதுவார் கோபித்துக்கொண்டு துண்டை உதறினார். ஆனால் மறுநாள் ஒன்றோடு நிறுத்தினார். பேச்சிமுத்துவிடம், "பால் கறந்து குடுத்துட்டுக் கதை சொல்லும்" என்றார். பால் நேரத்துக்கு வந்தது.

இதையெல்லாம் பார்த்த ஆவுடையப்பனுக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். 'எல்லாரையும் பகைச்சுக்கிட்டா இந்தம்மா' என்று நினைத்தார்.

அன்று மத்தியானம் பந்தியில் உட்கார்ந்தார். எல்லார் இலையிலும் பிழிந்த பாகற்காய்க் குழம்பு. பக்கத்தில் இருந்தவர் சப்புக்கொட்டிச் சாப்பிட்டார். கோமதிநாயகம் உள்ளேயிருந்து ஒரு சின்ன மண்சட்டியைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"அண்ணாச்சி, உமக்குன்னு தனிச்சட்டி. பிழியலை. விதைகூட எடுக்கலை."

அன்று முதல் தினமும் தனிச்சட்டி வந்தது. காலையில் பாடாமல் மிச்சம் வைத்த பதிகங்களை ஓதுவார் கடிதம் எழுதும் அறைக்கே வந்து பாடினார். பேச்சிமுத்து ஜன்னல் வழியாகவே கதை சொன்னார். மற்றவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். ஆவுடையப்பனுக்கு வயிறு ஒரு பக்கம், காது ஒரு பக்கம். எழுத வேண்டிய கடிதங்கள் மேசைமேல் குவிந்தன. ஆனாலும் அவர் தளரவில்லை. பங்குனி வரட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

பங்குனி வந்தது.

அடிகள் அவரைக் கூப்பிட்டார். "காறுபாறு யாருன்னு முடிவு பண்ணணும். எல்லாரையும் ஒவ்வொருத்தரா வரச்சொல்லிக் கேக்கப்போறேன். அவங்க சொல்றதை நீர் எழுதும். ஒரு எழுத்தும் விடக்கூடாது."

ஆவுடையப்பன் புதுப் பேனா எடுத்து வந்து உட்கார்ந்தார்.

முதலில் கோமதிநாயகம் வந்தார். "சாமி, இந்த மடத்திலே ஆவுடையப்பன் அண்ணாச்சி மாதிரி ஒரு மனுஷன் கிடையாது. தங்கம். சொக்கத் தங்கம்."

ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டு, 'சொக்கத் தங்கம்' என்று எழுதினார்.

"அதனாலே," என்றார் கோமதிநாயகம், "அவரைக் காறுபாறு ஆக்கிராதீக சாமி."

பேனா நின்றது.

"எழுதும்" என்றார் அடிகள். "ஏன் ஆக்கக்கூடாது?"

"காறுபாறுன்னா மாசத்திலே பாதி நாள் வெளியூரு. என் தனிச்சட்டியை யாரு சாப்பிடுவா? செண்பகவல்லியைப் போடுங்க. வாய்தான் அப்படி. ஆனா திடீர்னு நாப்பது பேரு வந்து நின்னா, நான் கூப்பிடுமுன்னே வந்து தேங்காய் துருவுதது அவதான். அவ வெளியூரு போனா எனக்கும் ரெண்டு நாள் நிம்மதி."

போகும்போது ஆவுடையப்பனின் தோளை அன்போடு தட்டிவிட்டுப் போனார்.

ஓதுவார் வந்தார். "ஆவுடையப்பன் கேக்கலேன்னா எனக்குத் தொண்டையே திறக்காது, சாமி. அவரை அந்த அறையிலேருந்து அசைக்கப்படாது. எனக்குன்னு இருக்கிறது அந்த ஒரு காதுதான்."

"அப்போ யாரைப் போட?"

"செண்பகவல்லி. அந்தம்மா சொன்னா எரிச்சலா வரும். வீட்டுக்குப் போய் யோசிச்சா சரியாத்தான் இருக்கும்."

பேச்சிமுத்து வாசலில் நின்றபடியே அழுதுவிட்டார். "சாமி, கதை பாதியிலே நிக்கு! செவலையோட தாயிக்கு இன்னும் கண்ணுக்குட்டி பிறக்கலை!"

"எழுதியாச்சா?" என்றார் அடிகள்.

"ஆச்சு" என்றார் ஆவுடையப்பன்.

எல்லாரும் போனபின் அறையில் இரண்டு பேர்தான். ஆவுடையப்பன் பேனாவை மூடினார். பதினோரு மாதம் விழுங்கியதெல்லாம் நெஞ்சுக்கு வந்துவிட்டது.

"சந்நிதானம் சொன்னபடிதானே நடந்தேன்? எல்லாரோடயும் நல்லபடியா இருந்தேன். ஒருத்தராவது என்னைக் குறை சொன்னாங்களா?"

"சொல்லலை."

"அந்தம்மா எல்லார்கிட்டயும் சண்டை போட்டா."

"போட்டாங்க."

"அப்புறம் என்ன நியாயம் இது?"

அடிகள் காகிதங்களை வாங்கி ஒரு முறை படித்தார். பிறகு கேட்டார்: "கோமதிநாயகத்துக்கு உம்மைப் பத்தி என்ன தெரியும்?"

ஆவுடையப்பன் யோசித்தார். "பிழியாத பாகற்காய்க் குழம்பு எனக்கு உசிருன்னு தெரியும்."

"உசிரா?"

ஆவுடையப்பன் பேனா மூடியைத் திறந்து மறுபடி மூடினார்.

"ஓதுவாருக்கு?"



"மூணு பேரும் ஒரு மனுஷனைப் பத்தி உருகி உருகிச் சொல்றாங்க" என்றார் அடிகள். "கேக்கவே ஆசையா இருக்கு. அவரு எப்போ மடத்திலே சேர்ந்தாரு? எனக்குச் சொல்லவே இல்லையே."

சமையல்கட்டில் மணி அடித்தது. "அண்ணாச்சி, தனிச்சட்டி ஆறுது!" என்று கோமதிநாயகத்தின் குரல் வந்தது.

"சந்நிதானம், இப்போ நான் என்ன செய்ய?"

"கூப்பிடுதாரே. போய்ப் பாரும்."

ஆவுடையப்பன் போனார். கோமதிநாயகம் மண்சட்டியோடு சிரித்துக்கொண்டு நின்றார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் ஆவுடையப்பன் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். கடிதம் எழுதுகிறவர். சொல்ல வேண்டியதைச் சுற்றி வளைத்து நயமாகச் சொல்லத் தெரியாதவர் இல்லை. ஆனால் அன்றைக்கு ஒரு நயமும் வாயில் வரவில்லை.

"கோமதிநாயகம், இது எனக்குப் பிடிக்காது. முதல் நாளே பிடிக்கலை."

"என்ன?"

"கசக்கு."

கோமதிநாயகம் சட்டியைக் கீழே வைத்தார். கரண்டியைக் கையில் எடுத்தார். "வே! மாசக்கணக்கா உமக்குன்னு தனி அடுப்பு மூட்டியிருக்கேன்வே! விடியக்காலையிலே எந்திரிச்சுத் தேடித் தேடிப் பாகற்காய் பறிச்சிருக்கேன்! பொய் சொல்லியா திங்கீரு?"

பந்தி முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. ஆவுடையப்பன் அடி விழும் என்றே நினைத்தார். அடி விழவில்லை. குழம்பும் விழவில்லை. அன்று அவர் வெறும் மோர்ச்சாதம் சாப்பிட்டார். அவமானம்தான். ஆனால் மோர்ச்சாதம் அவ்வளவு ருசியாக இருக்கும் என்பதை அவர் மறந்தே போயிருந்தார்.

ஒரு வாரம் கோமதிநாயகம் அவர் இலையைத் தாண்டித் தாண்டிப் போனார். எட்டாம் நாள் கடிதம் எழுதும் அறை வாசலில் வந்து நின்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டே பேசினார்.

"என் தம்பிக்கு ஒரு கடுதாசி எழுதணும். நாலு வருஷமாப் பேச்சு வார்த்தை இல்லை. தப்பு என் பேர்லதான்."

"நயமா எழுதவா?"

"நயம் வேண்டாம். அன்னைக்கு என் மூஞ்சிக்கு நேரே சொன்னீரே, அந்த மாதிரி எழுதும்."

ஆவுடையப்பன் எழுதினார். இருவரும் உட்கார்ந்து நாலு முறை அடித்து, அடித்து எழுதினார்கள். தம்பியிடமிருந்து பதில் வந்த அன்று, ஆவுடையப்பனின் இலையில் பிழிந்த பாகற்காய்க் குழம்பு விழுந்தது. இரண்டாம் முறை அவர் கேட்கவில்லை. கோமதிநாயகமே ஊற்றினார்.

சித்திரை முடிவதற்குள், காறுபாறாகிவிட்ட செண்பகவல்லி அவரிடம் வந்தார். காறுபாறு வேலைக்கு ஒரு துணையாள் வேண்டும் என்றார். வெளியூர்க் காரியங்களில் இருப்பதை இருக்கிறபடி எழுதுகிற ஆளாக வேண்டும்.

"என்னைப் போய்க் கேக்கீகளே" என்றார் ஆவுடையப்பன். "உங்களுக்கு என்னைப் பிடிக்காதே."

"பிடிக்காதுதான். கோமதிநாயகம் அண்ணாச்சி மூணு நாளா என்னை விடலை. உம்மைத்தான் போடணும்ங்காரு. கடுதாசி தேங்காம பாத்துக்கிடுவீரா?"

"பாத்துக்கிடுவேன்."

ஆவுடையப்பன் நேரே அடிகளிடம் ஓடினார். விழுந்து கும்பிட்டு எழுந்தார். கண்ணெல்லாம் ஈரம்.

"சந்நிதானம், எனக்கு இப்போ புரிஞ்சு போச்சு. இனிமே யாரா இருந்தாலும் சரி, மனசிலே உள்ளதை உள்ளபடி சொல்லிடுவேன்."

"ரொம்ப நல்லது" என்றார் அடிகள். "நேத்துக் கோயில் மண்டபத்திலே நான் ரெண்டு மணி நேரம் பேசினேனே. எப்படி இருந்துது?"

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். அடிகளின் முகத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"அவசரமில்லை" என்றார் அடிகள். "உட்காந்து யோசிச்சுச் சொல்லும்."