வலது கைக்கு வேறு காகிதம்

ஐம்பதை நெருங்கும் வயதில் முப்பிடாதி தையல் வகுப்பில் சேர்ந்தாள். கடையநல்லூரில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் அந்த வகுப்பு நடந்தது. சொல்லிக்கொடுத்தவள் ரஹ்மத்நிஷா. முப்பிடாதியைவிட வெகுவாக இளையவள். ஆனாலும் முப்பிடாதி அவளை டீச்சர் என்றாள். அவள் முப்பிடாதியை அக்கா என்றாள்.

"என்ன தைக்கப் படிக்கணும்க்கா?"

"முழுக்கை ரவிக்கை. அது ஒண்ணு போதும் டீச்சர்."

"முதல்ல நேர்த்தையல். அப்புறம் பாவாடை. ரவிக்கை அதுக்குப் பிறகுதான்."

"எல்லாம் படிக்கேன். ஆனா பள்ளிக்கூடம் திறக்கதுக்குள்ள முழுக்கை வந்திரணும். மக வாத்திச்சி வேலைக்குப் போறா."

மகள் இசக்கியம்மாள். சோறு வடிக்கும்போது பானை சரிந்து, கொதிக்கும் கஞ்சி அவள் வலது கையில் கொட்டிவிட்டது. புண் ஆறிவிட்டது. தோள் முதல் மணிக்கட்டு வரை தோல் மட்டும் சுருண்டு, இறுகிப்போய்க் கிடந்தது. வேலைக்கு உத்தரவு வந்ததும் ரவிக்கைக்கு அளவு கொடுக்கத் தையல்கடைக்குப் போனாள். கடைக்காரர் "இது என்னம்மா இப்படி?" என்று கேட்டார். பிறகு டேப் கையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அளந்தார். இசக்கி வீட்டுக்கு வந்து, இனி யாருக்கும் அளவு கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள்தான் முப்பிடாதி மாடிப்படி ஏறி வந்தாள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ரஹ்மத்நிஷா, "சரிக்கா, உக்காருங்க" என்றாள்.

முப்பிடாதிக்குக் கை சீக்கிரமே படிந்தது; பாவாடை முடிந்து ரவிக்கைக்கு வந்துவிட்டாள். வகுப்பில் பழுப்புக் காகிதத்தில் வெட்டிய மாதிரிகள் இருந்தன. முன்பக்கம், பின்பக்கம், கை. அவற்றை வாங்கித் துணியில் வைத்து, சாக்கட்டியால் கோடு பிசகாமல் வரைந்தாள். அந்தக் கோட்டிலேயே வெட்டினாள். வளைவுகளில் மிஷினை மெதுவாக ஓட்டினாள். தைத்து முடித்துப் பொம்மைக்குப் போட்டபோது, கை அச்சில் வார்த்தது மாதிரி இறங்கி நின்றது.

"கடையில தைச்ச மாதிரில்லா இருக்கு" என்றார்கள் மற்ற பெண்கள்.

"டீச்சர், எனக்கு இனி படிக்க ஒண்ணும் இல்லையே?"

"பொம்மைக்கு நல்லாருக்கு. மகளைக் கூட்டிட்டு வாங்க."

மறுநாள் மதியம், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், இசக்கி அந்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு வந்தாள். ரஹ்மத்நிஷா அவள் கையைப் பார்க்கவில்லை. ஒரு சாக்பீஸை நீட்டினாள்.

"போர்டுல தேதி எழுதும்மா. மேல, மூலையில."

இசக்கி கையை உயர்த்தினாள். தோள் மட்டத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. ரவிக்கை இடுப்பிலிருந்து மேலே ஏறியது. உதட்டைக் கடித்துக்கொண்டு, போர்டின் நடுவிலேயே தேதியை எழுதினாள்.

"ஏட்டி, இறுக்கிப் பிடிக்குதா?" என்றாள் முப்பிடாதி.

"இல்லம்மா. நல்லாத்தான் இருக்கு."

ரஹ்மத்நிஷா முப்பிடாதியின் பக்கம் திரும்பினாள். "அளவு எதுல எடுத்தீங்கக்கா?"

"அவ பழைய ரவிக்கையில. பேப்பர் நீங்க குடுத்தது."

"அவ கையை அளக்கலையா?"

முப்பிடாதி மேஜையில் கிடந்த காகித மாதிரியை எடுத்து மடித்தாள்.

ரஹ்மத்நிஷா தன் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து முப்பிடாதியின் கழுத்தில் போட்டாள். "நான் சாப்பிட்டுட்டு வாரேன்" என்று படியிறங்கிப் போனாள்.

பிறகு இசக்கி கொக்கிகளைக் கழற்றி, வலது கையை வெளியே எடுத்தாள்.

"டேப்பை நான் பிடிச்சுக்கிடுதேம்மா. நீ நம்பரை மட்டும் பாரு."

"ஏன்?"

"நீதான் இதைப் பாக்க மாட்டியே. புண்ணா இருக்கப்ப அத்தைதான் மருந்து போட்டா. அப்பல்லாம் நீ அடுக்களைக்குப் போயிருவே. இப்ப நான் எண்ணெய் தேய்ச்சாலும் எந்திரிச்சுப் போறே."

முப்பிடாதிக்கு முகம் வெளிறியது. "அருவருப்புன்னா நினைச்ச?"

இசக்கி தரையைப் பார்த்தாள்.

"உனக்கு வலிக்கதைப் பாக்க எனக்குத் தெம்பில்லட்டி. வேற ஒண்ணுமில்ல."

"இப்ப வலிக்கலம்மா. தூக்குனா இழுக்கும், அவ்வளவுதான்."

முப்பிடாதி உள்ளங்கையை மகளின் தோளில் வைத்தாள். தோல் வழுவழுப்பாகவும் சூடாகவும் இருந்தது. மெல்ல மணிக்கட்டு வரை தடவிக்கொண்டே வந்தாள். முழங்கை முழுதாக நீளவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கையை மடக்கச் சொல்லி அளந்தாள். முடிந்தவரை தூக்கச் சொன்னாள்; துணி பிடிக்காததால் கை தலை வரை போனது; அப்படியே அளந்தாள். இடையில் ஒருமுறை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ரஹ்மத்நிஷா திரும்பி வந்து அளவுகளைப் பார்த்தாள்.

"ரெண்டு கைக்கும் ஒரே பேப்பர் சரிவராது. வலது கைக்கு வேற வரைவோம்."

புதுக் காகிதத்தில், தோளோடு சேரும் மேல்வளைவைத் தாழ்த்தினாள். அகலத்தைக் கூட்டினாள். முழங்கை மடங்கும் இடத்தில் துணியைக் கொஞ்சம் மடித்துத் தைக்கும்படி ஒரு சின்னப் பிடிப்பு வைத்தாள். இடது கைக்கும் வளைவைக் கொஞ்சம் தாழ்த்தினாள். முப்பிடாதி அவற்றை வைத்து இரண்டாவது ரவிக்கை தைத்தாள்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின நாள் இசக்கி வகுப்புக்கு வந்து அதைப் போட்டுப் பார்த்தாள். யாரும் சொல்லாமலே இரண்டு கையையும் பின்னந்தலைக்குக் கொண்டுபோய், அவிழ்ந்திருந்த கொண்டையைத் திரும்ப முடிந்தாள். துணி எங்கேயும் பிடிக்கவில்லை. கையைக் கீழே விட்டாள்.

முப்பிடாதி கிட்டே போனாள். வலது அக்குளுக்குப் பக்கத்தில் துணி மடிந்து தொங்கியது. நீவிவிட்டாள். மறுபடி மடிந்தது.

"டீச்சர், இங்க சுருங்குதே. முதல்ல தைச்சதுல இப்படி இல்லையே. பாக்கிறவங்க தைக்கத் தெரியலன்னு சொல்ல மாட்டாங்களா?"

"கையைத் தூக்கதுக்குன்னு விட்ட துணிக்கா அது" என்றாள் ரஹ்மத்நிஷா. "தூக்காத நேரம் வேற எங்க போகும்?"