கால வுடு

எஸ்தர் வியாசர்பாடியில் பெண்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறவள். பேச்சு குறைவு. எதிராளி பந்தோடு வரும்போது கோட்டுக்கு வெளியே நின்று, "கால வுடு!" என்று கத்துவாள். காலை உள்ளே விட்டுப் பந்தைப் பறி என்று அர்த்தம். அந்த மைதானத்தில் மேய வரும் ஆட்டுக்குக்கூட அது தெரியும்.

அப்படிக் காலை விட்டபோதுதான் அமுலுவுக்கு இடது பாதத்தில் எலும்பு முறிந்தது. பயிற்சி ஆட்டத்தில், சொந்த அணிக்காரி நிஷாந்தியின் கால் பட்டு.

கட்டுப் பிரித்தாயிற்று. ஆடலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் யாராவது பந்தோடு கிட்டே வந்தால் அவள் கால் தானாகப் பின்னால் போனது. ஞாயிற்றுக்கிழமை போட்டி. அதிலும் வெளியே உட்கார்ந்தால் வீட்டில் இனிமேல் மைதானத்துக்கே அனுப்ப மாட்டார்கள்.

பயிற்சி தொடங்கும் முன் அமுலு எஸ்தரிடம் வந்தாள்.

"பயமாக்குதுக்கா."

"இன்னாத்துக்கு?"

"மறுபடி ஒடஞ்சிட்டா? எலும்பு ஒடஞ்ச அந்த சத்தம் காதுலயே நிக்குது. பெட்ஷீட் கால்ல பட்டாகூட தூக்கிவாரிப் போடுது."

எஸ்தர் பந்தை அமுக்கிக் காற்று இருக்கிறதா என்று பார்த்தாள்.

"இனிமே ஒடையாதுன்னு சொல்லுக்கா. நீ சொன்னா நம்புவேன்."

"எனக்கு இன்னாடி தெரியும்?"

எஸ்தர் மைதானத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "நிஷாந்தி! இங்க வா."

நிஷாந்தி வந்தாள். அமுலுவின் முகத்தைப் பார்க்கவில்லை. எஸ்தர் இருவருக்கும் நடுவில் பந்தை வைத்தாள்.

"எவ எடுக்கிறாளோ அவ ஞாயித்துக்கெழம ஆடட்டும்."

அதே கால், அதே ஆள். ஓடிவிடலாமா என்றுகூட அமுலு நினைத்தாள். அதற்குள் விசில் ஊதியாயிற்று.

அவள் கால் பின்னால் போனது. கண்ணை இறுக மூடிக்கொண்டு அடி விழக் காத்திருந்தாள்.

ஒன்றும் விழவில்லை.

கண்ணைத் திறந்தாள். பந்து வைத்த இடத்திலேயே இருந்தது. நிஷாந்தியும் பின்னால் போயிருந்தாள். அமுலுவின் இடது பாதத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எடேன்டி," என்றாள் அமுலு.

"நீ எடு."

"உனுக்கு இன்னா வந்துச்சு? உன் காலு நல்லாதான கீது?"

"முடியலடி. அன்னிலேர்ந்து எவகிட்டயும் கால் வுட முடியல. அந்த சத்தம் வந்துடுமோன்னு."

"உனுக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

அது தன் ஒருத்திக்கு மட்டும் கேட்ட சத்தம் என்றுதான் அமுலு இத்தனை நாளும் நினைத்திருந்தாள். எஸ்தர் பக்கம் திரும்பினாள்.

"இப்போ இன்னாக்கா பண்றது?"

"கால வுடு."

"அதான் முடியலன்றனே. உள்ள வுடத்தான பயமா கீது?"

"உள்ள வுட யார்டி சொன்னா?" எஸ்தர் விசிலை மறுபடி வாயருகே கொண்டுபோனாள். "ஒடஞ்ச ஒரு கால ரெண்டு பேரும் புடிச்சினு நிக்கிறீங்க. அத வுடுங்கன்றேன்."