மூன்று நாட்டு அனுபவம்

பொற்கொடிக்கு நடந்தது அநியாயம். மலைச்சாலையில் மண் சரியாமல் இருக்கத் தென்னைநார்ப் பாய் விரிக்கும் வேலை அது. கடன் கொடுப்பது வெளிநாட்டு வங்கி. பொள்ளாச்சியில் அந்தப் பாயை நெய்யும் அவருடைய கூட்டுறவு போட்ட டெண்டரைப் பிரிக்காமலே திருப்பிவிட்டார்கள். மூன்று நாடுகளில் பாய் விரித்த அனுபவம் வேண்டுமாம். நிபந்தனையாம்!

அவரிடம் தொழில் கற்க வந்திருந்த மதிவதனி கொதித்தாள்.

“கோர்ட்டுக்குப் போலாம்க்கா. இல்லேன்னா ரோட்டுல உக்காரலாம். எதுக்கு இப்படிச் சும்மா இருக்கீங்க?”

“கோயமுத்தூர் வர்றயா?” என்றார் பொற்கொடி. அவ்வளவுதான்.

சாலையின் அடுத்த பகுதிக்கு டெண்டர் வந்திருந்தது. அதே நிபந்தனை. இதுவும் போனால் பாதித் தறிகளை நிறுத்த வேண்டியதுதான். ஆனால் டெண்டர் போடுவதற்கு முன் கோயமுத்தூரில் ஒரு கூட்டம் உண்டு. அங்கே யார் கேள்வி கேட்டாலும் எல்லோர் முன்னிலையிலும் பதில் சொல்லியாக வேண்டும்.

கூட்டத்தில் முன்வரிசையில் இருந்த, போன தடவை வேலையை எடுத்த கம்பெனியின் மேலாளர் சுதர்சன் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

“பாய் விக்க வந்தீங்களாம்மா? ஆர்டர் எங்க ஆபீஸ்லயே தருவோமே.”

பொற்கொடி எழுந்தார். “ஒரே ஒரு கேள்விங்க. மூணு நாட்டுல வேலை செஞ்சவங்க பாயை எங்க வாங்குனாங்க?”

கூட்டத்தை நடத்திய அதிகாரி சுதர்சனைப் பார்த்தார். வங்கியின் சென்னைப் பிரதிநிதியும் பார்த்தார்.

“அது… சப்ளையர்கிட்ட.”

“எந்த சப்ளையர்?” வங்கிப் பிரதிநிதி விடவில்லை.

“இவங்ககிட்டத்தான்.”

“மூணு நாட்டுக்குமா?”

“மூணுக்கும்.”

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். சுதர்சனுக்கு முகம் சிவந்தது.

“பாய் யாரோடதா இருந்தா என்னங்க? விரிச்சது நாங்க!”

மதிவதனி வாயைத் திறந்தாள். பொற்கொடி அவள் கையை அமுக்கினார்.

“ஒரு பாய் இத்துப்போயிருந்தா யாரைக் கேட்டிருப்பீங்க?”

“உங்களைத்தான்.” சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

அந்த வாரமே நிபந்தனையைத் திருத்தினார்கள்: பாய் நெய்தவர்களுக்கும் அந்த அனுபவம் சேரும். டெண்டரைப் பிரித்தபோது வேலை பொற்கொடியின் கூட்டுறவுக்கே கிடைத்தது. தறிக்கூடம் முழுக்கக் கைதட்டியது.

சில நாள் கழித்து சுதர்சன் பொள்ளாச்சிக்கு வந்தார்.

“எங்களையும் கொஞ்சம் சேர்த்துக்குங்க, மேடம்.”

“அம்மா இப்ப மேடம் ஆயிருச்சா!” மதிவதனி வழியை மறித்தாள். “திருப்பி அனுப்புங்கக்கா. நம்ம டெண்டரைப் பிரிச்சாவது பார்த்தாங்களா?”

பொற்கொடி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உக்காருங்க சார். மலையில பாய் விரிக்க ஆள் வேணும். உங்களுக்குத்தான் மூணு நாட்டு அனுபவம் இருக்குதே.”