மாவாயி கொடுத்த போர்வை

அந்தக் காலத்தில் செடிகளுக்கு வாய் இருந்தது, பூச்சிகளுக்குக் காது இருந்தது. ஒன்று சொல்ல ஒன்று கேட்டது. எல்லாவற்றையும் கேட்டுத் தொலைத்ததால்தான் இந்தக் கதையே நடந்தது.

கிணற்று மேட்டை ஒட்டி ஒரு வெண்டைச் செடி நின்றது. அதன் இலைக்கு அடியில் மாவாயி என்ற வெள்ளை ஈ குடியிருந்தாள். அரிசி நொய்யில் பாதி தேற மாட்டாள். சிறகெல்லாம் மாவு அப்பியது போல வெளுத்திருக்கும். பசித்தால் ஊசி மூக்கை இலை நரம்பில் இறக்கி ஒரு வாய் சாறு குடிப்பாள். வெண்டை அதற்கெல்லாம் முகம் சுளித்ததில்லை.

"குடி தங்கச்சி. எனக்கென்ன குறைஞ்சிரப் போகுது?" என்று சொல்லும்.

மாவாயிக்கு வயிறு நிறைந்ததே தவிர மனம் நிறையவில்லை. முதல் தடவை வைத்த முட்டைகள் வெயிலில் கருகிவிட்டன. அடுத்த தடவை வைத்தவை மழையோடு போயின. ஒரு பிள்ளைகூடக் கண் திறந்து அவளைப் பார்க்கவில்லை. இப்போது மறுபடியும் வயிறு கனத்திருந்தது. இந்தத் தடவையும் போனால் தானும் போய்விடுவது என்று முடிவு கட்டியிருந்தாள்.

அவளுடைய உடம்புக்குள் சுமைகாரர்கள் இருந்தார்கள். தாய் குடித்த சாற்றின் சத்தைப் போர்வையில் சுற்றி, முட்டைக்குள் கொண்டுபோய் இறக்குவது அவர்கள் வேலை. இன்றைக்குப் படித்தவர்கள் அவர்களைப் புரதம் என்கிறார்கள். எப்படி வேண்டுமானாலும் கூப்பிடட்டும், சுமந்தது அவர்கள்தான். அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. போர்வை சுற்றிய எதையும் திறந்து பார்க்க மாட்டார்கள். பிள்ளைக்குப் போகிற சோற்றைப் பார்த்தால் கண் பட்டுவிடும் என்று பயம்.

வெள்ளை ஈக்களிடமும் ஒரு வழக்கம் உண்டு. சூல் கொண்டவள், கேட்டு வந்த யாருக்கும் 'இல்லை' என்று சொல்லக் கூடாது. சொன்னால் முட்டை கூழாகிவிடுமாம். யார் கண்டது, எவர் சொன்னது, ஒன்றும் தெரியாது. ஆனால் இரண்டு தடவை பறிகொடுத்தவளிடம் போய் அதையெல்லாம் யார் விசாரிக்கச் சொல்வது?

ஒருநாள் உச்சி வெயிலில் மாவாயி பக்கத்திலிருந்த துத்திச் செடிக்குப் போனாள். துத்தி வெண்டைக்குத் தூரத்து உறவு. கொஞ்ச நாளாகவே இலையெல்லாம் மஞ்சளாகி, பேச்சு மூச்சில்லாமல் நின்றது. மாவாயி மூக்கை இறக்கியதும் சாற்றுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"தாயி, என்னையும் கூட்டிட்டுப் போ."

"யாருப்பா நீ?"

"செடிக்கு வர்ற தேமல்னு சொல்லுவாங்க. எனக்குக் கால் இல்ல, சிறகு இல்ல, சாப்பிட வாய்கூட இல்ல. இந்தச் செடி சாகப் போகுது. இதோட சேர்ந்து நானும் மண்ணாப் போயிருவேன். அந்த வெண்டையில என்னை இறக்கி விட்டுரு, போதும்."

மாவாயிக்கு நெஞ்சு இளகியது. வயிற்றைத் தடவிக்கொண்டாள். இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. "சரி, ஏறிக்கோ" என்றாள்.

உள்ளே போனதும் தேமல் அலறியது. ஈயின் குடல்நீர் அதைப் பொசுக்கியது. "தாயி, எரியுதே! மேலே போர்த்திக்க ஏதாவது குடேன்!"

மாவாயி சுமைகாரர்களின் தலைவன் பொதியனைக் கூப்பிட்டாள். "பிள்ளைப் போர்வையில ஒண்ணு எடுத்து இவனுக்குப் போர்த்திவிடு."

பொதியன் அசையவில்லை. "ஆத்தா, அது பிள்ளைக்குன்னு வச்சது. இவனுக்கோ வாயே இல்ல. வாயில்லாதவன் எப்படிப் பிழைப்பான்னு கேட்டியா? இருக்கிற வீட்டையே அழிச்சுத்தான் பிழைப்பான். துத்தியைப் பார்த்தேல்ல?"

"இல்லைன்னு சொல்லச் சொல்றியா? என் வயித்துல இருக்கிறது கூழாப் போனா நீ வந்து அழுவியா?"

பொதியன் போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டான்.

மாவாயி வெண்டைக்குத் திரும்பி வந்து தேமலை இலை நரம்பில் இறக்கினாள். எல்லாம் இறங்கிவிட்டதாகத்தான் நினைத்தாள். போர்வையோடு தங்கிய மிச்சத்தைச் சுமைகாரர்கள், பிள்ளைச் சோறு என்று நினைத்துத் திறந்து பாராமல் முட்டைக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். ஒரு முட்டையையும் விடவில்லை.

இந்தத் தடவை முட்டைகள் கருகவில்லை, கரையவில்லை. பிள்ளைகள் பொரிந்தன. மாவாயி சிரித்தாள், அழுதாள், ஒவ்வொன்றாய் முகர்ந்து பார்த்தாள். வெண்டையும் மகிழ்ந்து, "என் மடியில வளரட்டும் தங்கச்சி" என்றது. அவள் வாழ்க்கையில் சந்தோஷம் என்று சொல்ல அந்தக் கொஞ்ச நாள்தான்.

பிறகு வெண்டையின் நரம்புகள் மஞ்சளாயின. மஞ்சள் நரம்பை விட்டு இலைக்குப் பரவியது. பிஞ்சுகள் வெளிறி, முறுக்கிக்கொண்டு, விறகுக் குச்சியாய் நின்றன. ஒன்றிலாவது விதை பிடிக்கட்டும் என்று வெண்டை தன் கடைசிப் பிஞ்சுக்கே எல்லாவற்றையும் ஊட்டிப் பார்த்தது. அதுவும் சூம்பிப்போனது.

"எனக்கு என்னமோ ஆயிட்டுது தங்கச்சி. உனக்கு ஏதும் தெரியுமா?"

மாவாயி, செடிக்குப் பாரம் குறையட்டும் என்று, வளர்ந்த பிள்ளைகளைப் பக்கத்துப் பாத்திக்கு விரட்டினாள். அவை போய் உட்கார்ந்த செடிகளும் மஞ்சளாயின. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "பொதியா, அடுத்து வைக்கிற முட்டையிலயாவது அவனை வெளியே தள்ளிரு" என்று கதறினாள்.

"எப்படி ஆத்தா? அவனும் சோறும் ஒரே போர்வைக்குள்ள கிடக்காங்க. போர்வையைக் கொண்டுபோகாம இருந்தா அவன் உள்ளே போகமாட்டான். உன் பிள்ளையும் சோறில்லாம முட்டைக்குள்ளேயே செத்துரும். நீ ஒரு வார்த்தை சொல்லு, நிறுத்திடுறோம்."

மாவாயி நிமிர்ந்து பார்த்தாள். வெண்டை இலை வாடி, தலை தொங்கி நின்றது. மிச்சமிருந்த பிள்ளைகள் அதன் மேல் மொய்த்துக் குடித்துக்கொண்டிருந்தன. பொதியன் நெடுநேரம் காத்திருந்தான். அவள் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. அவன் சுமையைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

அதற்குள் வெண்டைக்கு எல்லாம் புரிந்திருந்தது. "உன் பிள்ளைக பிழைச்சிருச்சுல்ல மாவாயி?" என்று மட்டும் கேட்டது. தங்கச்சி என்று கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு அது பேசவே இல்லை. அதைப் பார்த்து மற்றச் செடிகளும் வாயை மூடிக்கொண்டன.

இப்போதும் வெண்டைத் தோட்டத்தில் ஒரு மஞ்சள் செடியை லேசாகத் தட்டிப் பாருங்கள். வெள்ளை ஈக்கள் மாவு பறந்தாற்போலக் கலைந்து எழும். எங்கேயும் போகாது. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே செடிக்குத் திரும்பி, முகம் காட்டாமல் இலைக்கு அடியில் ஒண்டிக்கொள்ளும். அங்கேயே குடிக்கும், அங்கேயே முட்டை வைக்கும். செடி ஒரு வார்த்தை பேசாது. எல்லாம் அன்று முதல்தான்.