கண் படாமல் பார்த்த தாய் நாய்

கோழிப்பண்ணையில் வேலை பார்க்கும் செவந்திக்கு நடந்தது அப்பட்டமான அநியாயம். திருவேங்கடத்தின் நாய்ப்பண்ணையில் அவள் ஆசையாக வாங்கி வந்த குட்டி, ஒன்பதாம் நாளே கழிச்சல் கண்டு செத்துப்போனது. கேட்கப் போனவளிடம், "குட்டியில குறை இல்லை, உன் கைராசி அப்படி" என்று நாலு பேர் முன்னால் சொல்லித் துரத்திவிட்டார் அந்தப் பெரிய மனிதர். சீக்குக் குட்டியை விற்றவர் நல்லவராம், வளர்த்தவள் கை ராசியில்லாததாம்! இது எந்த ஊர் நியாயம்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, குட்டி வாங்கக் கூட்டம் நிற்கிற நேரமாகப் பார்த்துப் போனாள்.

"இன்னொரு குட்டி வேணுங்கய்யா. ஆனா இந்தத் தடவை தாயைப் பார்த்துட்டுத்தான் வாங்குவேன்."

"தாயைக் காட்டுறதில்லை. கண் பட்டா பால் வத்திடும்" என்றவர், கூட்டத்தைப் பார்த்து இளித்தார். "கண் படாம பார்க்க முடியும்னா பாரேன்!"

"அதுக்கென்னங்கய்யா?" செவந்தி முந்தானையால் கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "கூட்டிட்டு வாங்க, தடவிப் பார்த்துக்கறேன்."

"அதானே, காட்டுங்க சார்!" என்றது கூட்டம்.

கட்டிய கண்ணுக்கு எந்த நாயாக இருந்தால் என்ன? கொட்டகைக்குப் பின்னாலிருந்த காவல் நாயை இழுத்து வந்தார் திருவேங்கடம். "இதுதான் தாய். குட்டி போட்டு நாற்பது நாளாச்சு."

செவந்தி முதுகைத் தடவினாள், வயிற்றைத் தடவினாள், இன்னும் கொஞ்சம் பின்னால் போனவள் வெடுக்கென்று கையை எடுத்தாள்.

"என் கைராசியைப் பத்தி நீங்க சொன்னது நிஜம்தாங்கய்யா. தொட்டதுமே உங்க தாய் நாய் ஆம்பளையாயிடுச்சு!"