திரும்பி வந்த காகங்கள்

கடலுக்கு உப்பு வந்த பிறகு, கப்பலுக்குத் திசை காட்டும் ஊசி வருவதற்கு முன்னால் நடந்த கதை இது. அந்தக் காலத்தில் ராஜா ஒருவரும் இருந்திருப்பார். அவர் அரண்மனையிலேயே சுகமாக இருக்கட்டும், நமக்குக் கப்பல்தான் வேண்டும்.

கீரன் என்றொரு வணிகன். சொந்தமாகப் பாய்மரக் கப்பல் வைத்திருந்தான். ஒருமுறை மனைவி மருதியையும், சின்ன மகள் எயினியையும், தம்பி வளவனையும் அழைத்துக்கொண்டு தூர தேசத்துக்குப் புறப்பட்டான். மருதிக்கு அதுதான் முதல் கடல் பயணம். கரை கண்ணுக்கு மறைந்ததுமே அவள் பாய்மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

பாய்மரத்தடியில் ஒரு கூண்டு இருந்தது. கூண்டுக்குள் மூன்று காகங்கள்.

"இதுங்கதான் நமக்கு வழிகாட்டி, அண்ணி," என்றான் வளவன். "திசை தப்பிட்டா ஒண்ணைப் பறக்க விடுவோம். கரை கண்ணுல பட்டா அது அந்தப் பக்கமே போயிடும், நாமளும் பின்னாலேயே போவோம். கரை இல்லேன்னா போக்கிடம் இல்லாம கப்பலுக்கே திரும்பி வரும். அதனால இதுங்களை யாரும் கொஞ்சக் கூடாது. கப்பல் இதுங்களுக்குப் பிடிக்கவே கூடாது."

மருதி தலையாட்டினாள். ஆனால் ஊரை நினைத்து அழுதுகொண்டிருந்தவளுக்கு, அடைபட்டுக் கத்தும் பறவைகளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. யாரும் பார்க்காதபோது தன் சோற்றில் ஒரு பிடி உருட்டி நீட்டினாள். காகங்கள் முதலில் கையைக் கொத்தின, பிறகு சோற்றை வாங்கின, பிறகு அவள் காலடிச் சத்தம் கேட்டாலே சிறகடித்தன.

அப்புறம் புயல் வந்தது. பாயைக் கிழித்தது, தண்ணீர்ப் பானைகளை உடைத்தது, கப்பலை எங்கேயோ கொண்டுபோய்ப் போட்டது. புயல் ஓய்ந்த பிறகும் மேகம் விலகவில்லை. சூரியனும் தெரியவில்லை, நட்சத்திரமும் தெரியவில்லை.

கீரன் முதல் காகத்தைப் பறக்க விட்டான். அது இடப்பக்கமாகப் போய்ப் புள்ளியாகி மறைந்தது. எல்லோரும் கைகூப்பினார்கள். வெகுநேரம் கழித்து அது திரும்பி வந்து மருதியின் காலடியில் இறங்கியது. களைத்துப் போயிருக்கும் என்று அவள் அதைத் தடவிக் கொடுத்தாள். அதன் காலைப் பார்க்கவில்லை.

"அந்தப் பக்கம் கரை இல்லை," என்று கப்பலை எதிர்ப்பக்கம் திருப்பினார்கள். காற்றே இல்லை. கப்பல் ஊர்ந்தது.

மறுநாள் இரண்டாவது காகம். அது கப்பலுக்குப் பின்பக்கமாகப் பறந்தது, அதுவும் திரும்பி வந்தது. அதைக் கூண்டில் விடும்போதுதான் மருதி கவனித்தாள். அதன் காலில் ஈரச் சேறு. நடுக்கடலில் சேறு ஏது? அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. காகம் கரையைப் பார்த்திருக்கிறது, கரையில் இறங்கியும் இருக்கிறது. அவள் கைச் சோற்றுக்காகத் திரும்பி வந்திருக்கிறது.

சொல்லிவிட வாயைத் திறந்தாள். அதற்குள் ஒரு மாலுமி சீறினான். "ரெண்டு காக்காவும் திரும்பி வந்துடுச்சு! எவனாச்சும் சோறு போட்டுப் பழக்கியிருந்தா, அவனைக் கடல்ல தூக்கிப் போட்டுட்டுத்தான் மறுவேலை!"

"என் கப்பல்ல அப்படி யாரும் கிடையாது," என்றான் கீரன்.

மருதி காகத்தின் பக்கம் குனிந்துகொண்டாள். முந்தானையால் சேற்றைத் துடைத்தாள். நாளைக்கு மூன்றாவது காகம் போய்விடும், எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

அன்று ஆளுக்கு ஒரு கை தண்ணீர். வளவன் தன் பங்கை எயினியின் வாயில் ஊற்றினான். "எனக்குத் தாகமே இல்ல, அண்ணி," என்று சிரித்தான். அவன் உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. மருதி பார்த்தாள். அப்போதும் சொல்லவில்லை.

கோபம் வருகிறது அல்லவா? வரட்டும். அவள் பொல்லாதவள் இல்லை, பயந்தவள். தாகத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

மூன்றாம் நாள் வளவனால் எழுந்திருக்க முடியவில்லை. மூன்றாவது காகமும் பின்பக்கம் போனது, சேற்றுக் காலோடு திரும்பி வந்தது. இந்த முறை மருதி துடைக்கவில்லை. காகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் வந்து நின்றாள்.

"இதுங்களுக்குச் சோறு போட்டது நான்தான். இது கரைக்குப் போயிட்டு வந்திருக்கு, காலைப் பாருங்க. கப்பலைத் திருப்புங்க. அப்புறம் என்னை என்ன வேணும்னாலும் செய்ங்க."

யாரும் அவளைக் கடலில் போடவில்லை. எல்லோரும் துடுப்பைப் பிடித்தார்கள். பொழுது சாயும்போது தென்னைகள் தெரிந்தன. ஓடையிலிருந்து தண்ணீர் மொண்டு ஓடி வந்து வளவனின் வாயில் ஊற்றினார்கள். அது கன்னம் வழியாக மணலில் வழிந்தது.

அங்கேயே அவனைப் புதைத்தார்கள். கீரன் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்: "நேத்து வந்த காக்கா காலுலயும் சேறு இருந்துச்சா?"

அது வேறு யாருக்கும் தெரியாது. இல்லை என்று அவள் சொல்லியிருந்தால் மறுக்க உலகத்தில் ஆள் கிடையாது.

"இருந்துச்சு," என்றாள் மருதி. "நான்தான் துடைச்சேன்."

கீரன் அடிக்கவில்லை, திட்டவில்லை, அழவும் இல்லை. ஊர் திரும்பும்வரை அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்குப் பிறகும் மருதி பல கடல்களைப் பார்த்தாள். ஒவ்வொரு பயணத்திலும் காகக் கூண்டைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். அளந்து இரை வைத்தாள், பெயர் வைக்கவில்லை, முகம் கொடுக்கவில்லை. இன்னொரு முறை திசை தப்பியபோது, அவள் வளர்த்த காகம் பறந்து போனது, திரும்பி வரவே இல்லை. மாலுமிகள் ஆனந்தக் கூத்தாடினார்கள். மருதி மட்டும் காகம் போன திசையைப் பார்த்தபடி, கையை முந்தானையில் துடைத்துத் துடைத்து நின்றாள்.

செய்த தவறு தெரிந்தால் அப்போதே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நாம் வாய்மூடி நிற்கும் நேரத்தில் நம்மை நேசிக்கிறவர்களின் உயிர் போய்க்கொண்டிருக்கலாம்.